குளோன் வார்ஸ் தொடரை எந்த வரிசையில் பார்ப்பது?

அக்கினி நட்சத்திர வெயிலில் வேலூர்ப் பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்துகிடக்கும் மதியங்கள், ஸ்டார் வார்ஸின் ‘தி குளோன் வார்ஸ்’ அனிமேஷன் தொடரைத் தொடங்க ஏற்றவை. 2008 முதல் 2020 வரை இடைவெளிகளுடன் வெளிவந்த 7 சீசன்களின் தொடக்கப் பகுதிகள் கதையின் கால வரிசைப்படி அமையவில்லை.

எனவே, இரண்டாம் சீசனின் 16ஆம் எபிசோடையும், அடுத்து முதல் சீசனின் 16ஆம் எபிசோடையும் பார்த்துவிட்டு, கதை நாயகன் அனகினிடம் இளம்பெண் அசோகா சீடப்பெண்ணாக வந்துசேரும், இதே பெயர் கொண்ட 2008ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்குச் செல்லுங்கள். மூன்றாம் சீசனின் 1, 3 ஆகிய எபிசோடுகளுக்குப் பின்பே முதல் சீசனின் தொடக்கத்துக்கு வர வேண்டும். ஜார் ஜார் பிங்க்ஸ் கோமாளித்தனம் செய்யும் எபிசோடுகளைப் பெரியவர்கள் தாண்டிவிடலாம், பிள்ளைகள் விடமாட்டார்கள்.

நான்காம் சீசனில், தளபதி கிரெல்லின் ஆணைகளைக் குளோன் வீரர்களே (ஒரே மனிதனின் நகல்களாக உருவாக்கப்பட்டவர்கள்) கேள்வி கேட்கத் துணியும் அம்பாரா கிரகப் போரின் 4 எபிசோடுகளை ஒரே அமர்வில் பாருங்கள்.