மேசை ஆட்டத்தில் வாளும் ஈட்டியும் கெரிஸும்: நிஜத்துக்குப் பக்கத்தில் விதி அமைப்பது எப்படி

பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் மேசை ஆட்டத்துக்கு ஆயுத விதி எழுதுகிறீர்களா? முதலில் எடையைச் சரிசெய்யுங்கள். கடையில் 1.5 லிட்டர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று வாங்கி மேசையில் வையுங்கள். இரண்டு கையால் பிடிக்கும் ஐரோப்பிய நீள்வாளின் எடை கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒற்றைக்கை வாள் இன்னும் குறைவு, 1.1 முதல் 1.3 கிலோ. அதிலும் வாளின் சமநிலைப் புள்ளி கைப்பிடியிலிருந்து சில விரற்கடை தூரத்திலேயே இருப்பதால், கையில் அது இன்னும் லேசாகத் தெரியும். ஆளுக்கொரு தடவை போத்தலைத் தூக்கிப் பார்த்தாலே, பயில்வானால்தான் வாளைச் சுழற்ற முடியும் என்ற எண்ணம் போய்விடும்.

இந்த வகை ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 5ஆம் பதிப்பில் நீள்வாளுக்கு 3 பவுண்ட் என்று போட்டிருப்பது சரிதான். பிழை வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே சேதத்துக்கு உருட்டுவது ஈட்டிக்கு ஒரு டி6 (ஆறு முகப் பகடை), வாளுக்கு ஒரு டி8 (எட்டு முகப் பகடை). ஆனால் இடைக்காலப் போர்க்களத்தில் காலாட்படையின் முதல் ஆயுதம் ஈட்டிதான். வாள் இடுப்பில் தொங்கும் துணை ஆயுதம். ஈட்டியின் பலம் அதன் நீளம். அதைச் சேதப் பகடையில் காட்ட முடியாது. தூரத்துக்கென்று தனி விதி வேண்டும்.

அந்த விதி இது. ஒவ்வொரு ஆயுதத்துக்கும் பக்கத்தில் நெட்டை, நடு, குட்டை என்று எழுதுங்கள். இருவர் முதன்முதலாக மோதும்போது இனிஷியேட்டிவ் (யார் முதலில் என்று பகடை சொல்லும் வரிசை) என்னவாக இருந்தாலும் நெட்டை ஆயுதக்காரர்தான் முதலில் குத்துவார். அந்தக் குத்து தவறினால் குட்டைக்காரர் உள்ளே புகுந்துவிட்டார் என்று அர்த்தம். அதற்குப் பிறகு, பின்வாங்கித் தூரம் எடுக்கும்வரை ஈட்டிக்காரர் தாக்கும்போது இரண்டு டி20 உருட்டிச் சிறியதைத்தான் எடுக்க வேண்டும். நம்பிக்கை வராதவர்கள் ஃபிளாட் வராந்தாவில் துடைப்பக் கம்பையும் முப்பது சென்டிமீட்டர் ரூலரையும் வைத்து மெதுவாக நடித்துப் பார்க்கலாம். கம்புக்காரரை நெருங்குவது எவ்வளவு சிரமம், நெருங்கியபின் அவர் எப்படித் திணறுகிறார் என்பது இரண்டே நிமிடத்தில் விளங்கும். சுவர் பக்கத்தில் இருந்தால் கம்பைச் சுழற்ற முடியாது, குத்தத்தான் முடியும். குகைச் சண்டைக்கும் அதே விதியை வையுங்கள்.

அடுத்தது கவசம். முழுத் தகட்டுக் கவசம் பொதுவாக 20 கிலோவைச் சுற்றி இருக்கும். உடம்பு முழுக்கப் பரவி உட்காருவதால் அதைப் போட்டவர் ஓடலாம், விழுந்தால் எழலாம். ஆனால் வாள் வெட்டு அதற்குள் இறங்காது. ஆகவே தகட்டுக் கவசத்தின் மேல் வெட்டுக்குச் சேதமே கொடுக்காதீர்கள். மூன்று வழியை மட்டும் திறந்து வையுங்கள்: கதாயுதம், சுத்தியல் போன்றவற்றின் அடி; அக்குள், முகமூடித் துளை போன்ற இடுக்கில் குத்து; கட்டிப்பிடித்துக் கீழே தள்ளிக் குறுவாளால் முடிப்பது. வளையக் கவசமும் வெட்டைத் தடுக்கும்; ஆனால் அடி உள்ளே தெரியும், கூர்மையான குத்தில் வளையம் அறுபடவும் செய்யும். பட்டியலில் இருக்கும் ‘ஆணி பதித்த தோல் கவச’த்தை நீக்கிவிட்டு பிரிகண்டைனைச் சேர்ப்பதே நல்லது. துணிக்கு உள்பக்கம் எஃகுத் தகடுகளை வைத்து ஆணி அடித்திருப்பார்கள். வெளியே ஆணித்தலை மட்டும்தான் தெரியும்.

இப்படி மாற்றினால் ஒரு சிக்கல் வரும்: எல்லாரும் வாளைப் போட்டுவிட்டுச் சுத்தியலைத் தூக்குவார்கள். அதைப் பகடையால் தடுக்க வேண்டாம். ஊருக்குள், சத்திரத்தில், அரண்மனையில் ஈட்டியோடும் போர்ச்சுத்தியலோடும் நடமாட விடாதீர்கள். இடுப்பு வாளின் மதிப்பு தானாகத் திரும்பிவிடும்.

குறுக்குவில்லில் பலர் தடுக்கி விழுகிறார்கள். கைராட்டினத்தால் இழுக்கும் கனமான வகைக்கு நிமிடத்துக்கு இரண்டு அம்பு என்று வைத்தால், ஆட்டத்தின் ஒரு சுற்று ஆறு விநாடி என்பதால் ஓர் அம்புக்கு ஐந்து சுற்று. அப்படியே வைத்தால் ஆட்டக்காரர் சும்மா உட்கார்ந்திருப்பார். சண்டைக்கு முன்பே ஏற்றி வைத்த ஒரே அம்பு, நல்ல சேதம், பிறகு வேறு ஆயுதம் என்று வையுங்கள்.

கதைக்களம் 1511 மலாக்கா என்றால் மலாய்க் குத்துவாளான கெரிஸ் வந்தே தீரும். கோலாலம்பூர் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தில் கெரிஸைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அலகின் அடி ஒரு பக்கம் மட்டும் அகன்றிருக்கும். சின்னப் பிடி துப்பாக்கிப் பிடிபோல வளைந்திருக்கும். நேராகக் குத்துவதற்கான அமைப்பு அது. பிடிக்குள் போகும் கம்பி மெல்லியது. துணியோ முடியோ சுற்றி இறுக்கியிருப்பார்கள், ஆணி கிடையாது. அதனால் வாள் வீச்சைக் கெரிஸால் தடுக்க விடாதீர்கள். தடுத்தே தீருவேன் என்பவர் டி20இல் 1 போட்டால் பிடி கழன்றுவிடும். சேதம் ஒரு டி4, கட்டிப்பிடிச் சண்டையில் இரண்டு டி4. நெளிவுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையில்தான் வரும். அதற்குச் சொல்லப்படும் சக்திகளைக் கதையில் கொண்டுவாருங்கள், பகடையில் கூட்ட வேண்டாம்.

இவ்வளவையும் ஒரே நாளில் இறக்காதீர்கள். ஈட்டிக்காரர் ஒருவர், கெரிஸ்காரர் ஒருவர் என்று இரண்டு கேரக்டர் ஷீட் எழுதி இருபது நிமிடம் மோதவிடுங்கள். எந்த விதிக்காகத் தாளை இரண்டாம் தடவை புரட்ட வேண்டி வருகிறதோ, அதை அடித்துவிட்டு மற்றதோடு ஆட்டத்தைத் தொடங்குங்கள்.