பழைய பயணிகள் கப்பலின் உட்கூடப் படத்தைப் படிப்பது எப்படி

அட்லாண்டிக்கைக் கடந்த பெரிய பயணிகள் கப்பல்களின் படங்களைத் திரட்டிப் பள்ளிக் கண்காட்சி வைக்க விரும்புவோர், நாற்காலியையும் சரவிளக்கையும் பார்த்தே காலத்தைக் கணிக்கத் தொடங்குகிறார்கள். ஆனால் முதலில் தேட வேண்டியது புகை போகும் வழியை. பாலக்கோடு பக்கம் சர்க்கரை ஆலையைப் பார்த்தவர்களுக்குப் புகைபோக்கி ஒருபுறமாக ஒதுங்கி நிற்பது தெரியும். கப்பலிலோ கொதிகலன்களின் புகைக்குழாய்கள், விருந்துக் கூடங்கள் அமைய வேண்டிய நடுப்பகுதியைத் துளைத்துக்கொண்டுதான் மேலேற வேண்டும். ஆகவே படத்தில் ஒரு கூடத்திலிருந்து அடுத்த கூடம் தடையின்றி நேராகத் தெரிந்தால், குழாய்களை இரண்டாகப் பிரித்துப் பக்கவாட்டில் ஏற்றிய கப்பலாக அது இருக்கலாம். 1914இல் ஓடத் தொடங்கிய ஜெர்மனியின் ஃபாட்டர்லாந்தும், 1935இல் வந்த பிரான்சின் நார்மண்டியும் அவ்வாறு கட்டப்பட்டவை.

அடுத்து எடையை நினைவில் வைத்துப் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரியில் கிரானைட் அறுத்து மெருகேற்றுபவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. மேல்தளங்களில் கனம் கூடினால் கப்பல் பக்கவாட்டில் அதிகமாகச் சாயும். 1913இல் வந்த ஜெர்மானியக் கப்பலான இம்பரேட்டர் அப்படித்தான் சாய்ந்தது. பின்னர் அதன் புகைபோக்கிகளின் உயரத்தைக் குறைத்து, பளிங்குக் குளியலறைகளை அகற்றி, கனத்த இருக்கைகளுக்குப் பதிலாகப் பிரம்பு நாற்காலிகளைப் போட்டு, அடிப்பகுதியில் சிமென்ட்டையும் கொட்டினார்கள். எனவே ஒரே கப்பலின் இரு படங்களில் இருக்கைகள் மாறியிருந்தால், அதை அலங்கார ரசனையின் மாற்றம் என்று உடனே எழுதிவிடக் கூடாது.

இதன் பிறகே பாணிக்கு வரலாம். முதல் உலகப் போருக்கு முந்தைய கூடங்கள் பெரும்பாலும் அரண்மனையையோ நகரத்து விடுதியையோ போலி செய்தன. பாரிஸில் ரிட்ஸ் விடுதியைக் கட்டிய சார்லஸ் மெவேதான் இம்பரேட்டரின் உட்புறத்தையும் வடிவமைத்தார். 1927இல் வந்த பிரெஞ்சுக் கப்பலான இல் டி பிரான்ஸ் அந்தப் போலியை விட்டு விலகி, நேர்கோடுகளும் வடிவியல் உருவங்களும் மிகுந்த, தன் காலத்து ஆர்ட் டெகோ பாணியை ஏற்றது. நார்மண்டியின் உணவுக்கூடத்துக்குச் சன்னல்களே இல்லை. ஏறத்தாழ 93 மீட்டர் நீளமுள்ள அந்தக் கூடம் முழுவதையும் பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் லாலிக்கின் விளக்குத் தூண்கள்தான் ஒளிரச் செய்தன. என் கணிப்பில் கப்பற்கூடங்களின் உச்சம் அதுவே.

மரத்தைக் கொண்டும் ஒரு சோதனை உண்டு. 1936இல் வந்த பிரிட்டனின் குயின் மேரியில் 50க்கும் மேற்பட்ட மர வகைகள் இழைக்கப்பட்டிருந்தன. ஆனால் 1934இல் அமெரிக்காவின் மோரோ காசில் கப்பல் எரிந்து 130க்கும் மேற்பட்டோர் இறந்தது அமெரிக்க வடிவமைப்பாளர்களை உலுக்கியது. 1952இல் வந்த யுனைடெட் ஸ்டேட்ஸ் என்ற அமெரிக்கக் கப்பலில் பியானோவையும் சமையற்கட்டின் இறைச்சி வெட்டும் கட்டையையும் தவிர மரத்தையே காண்பது அரிது. அலுமினியமும் தீப்பிடிக்காத துணியுமே மிகுதி.

டைட்டானிக் என்று இணையத்தில் கிடைக்கும் மாடிப்படிப் படங்களை நம்ப வேண்டாம். அவற்றில் பல அதன் சகோதரக் கப்பலான ஒலிம்பிக்கில் எடுக்கப்பட்டவை.

ஒவ்வொரு படத்தின் கீழும் அது எந்த வகுப்பின் கூடம் என்பதைத் தவறாமல் எழுத வேண்டும், ஏனெனில் எஞ்சியுள்ள படங்களில் பெரும்பாலானவை முதல் வகுப்பையே காட்டுகின்றன. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்குப் போன ரஜூலா கப்பலில் நம்மவர்கள் பெரும்பாலோர் திறந்த தளத்தில் பாய் விரித்தே பயணம் செய்தார்கள். அவர்களுக்கென்று ஒரு படமாவது கண்காட்சியில் இருக்கட்டும்.