ஜாவாவில் ஸ்டேட்டிக் எஸ்கியூஎல்: பெரட்டிலேயே வேலையைப் பிரித்துவிடுவோம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையின் எடைமேடைக்கு ஜாவாவில் ஒரு செயலி எழுதிக் கொடுத்தேன். லாரி ஏறும், குலை எடை பதிவாகும், ரசீது வரும். டேட்டாபேஸிடம் நாள் முழுக்க ஒரே கேள்விதான். லாரி எண் மட்டும்தான் மாறும்.

சாதாரண ஜேபிஏ (ஜாவாவை டேட்டாபேஸோடு இணைக்கும் முறை) செயலி இதை டைனமிக் எஸ்கியூஎல்லாக அனுப்பும். எந்த இண்டெக்ஸ் வழியாகத் தேடுவது என்று டிபி2 (ஐபிஎம்மின் டேட்டாபேஸ்) ஓடும் நேரத்தில் முடிவெடுக்கும். முடிவு கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) இருந்தால் சரி, இல்லையென்றால் மறுபடி யோசிக்கும். ஸ்டேட்டிக் எஸ்கியூஎல்லோ காலையில் பெரட்டுக்களத்தில் (தோட்டத்து ஆட்கள் வேலைக்கு முன் கூடும் இடம்) மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பது மாதிரி. வழி முன்கூட்டியே முடிவாகி, பேக்கேஜ் என்ற பெயரில் டேட்டாபேஸுக்குள்ளேயே இருக்கும்.

இதற்குப் பழைய வழி எஸ்கியூஎல்ஜே, அதாவது ஜாவா நிரலுக்குள்ளேயே எஸ்கியூஎல்லை எழுதும் முறை. ஆனால் அதற்கு ஜேபிஏ நிரலைத் திருப்பி எழுத வேண்டும். ஐபிஎம்மின் பியூர்குவெரி என்ற கருவியில் அந்த வேலை இல்லை. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதல் படி, கேள்வியைச் சுத்தம் செய்வது. பாதி வேலை இதுதான். (கீழே தமிழில் எழுதியிருப்பதை நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

தப்பு: செலெக்ட் எடை ஃப்ரம் குலை வேர் லாரி = 'ஏ1234'
சரி: செலெக்ட் எடை ஃப்ரம் குலை வேர் லாரி = ?

முதலாவதில் ஒவ்வொரு லாரிக்கும் ஒரு புதுக் கேள்வி உருவாகும். எந்தப் பேக்கேஜும் அதைத் தாங்காது. ஆகவே மதிப்பை ஒட்டவைக்காமல் செட்பாராமீட்டர் வழியாகக் கொடுங்கள். 'இன்' பட்டியலிலும் ஒரு பொறி உண்டு. மூன்று லாரி கேட்டால் மூன்று கேள்விக்குறி, நான்கு கேட்டால் நான்கு. டேட்டாபேஸுக்கு அவை இரண்டும் வேறு வேறு. ஹைபர்நேட்டில் (ஜேபிஏவுக்கான ஒரு நூலகம்) பட்டியலை 2, 4, 8 என்று நிரப்பிக்கொள்ளும் அமைப்பு ஒன்று இருக்கிறது; அதைப் போட்டால் வகைகள் குறையும்.

இரண்டாவது, பிடித்து வைப்பது. பியூர்குவெரி ஜார் கோப்புகளைக் கிளாஸ்பாத்தில் (ஜாவா தன் நூலகங்களைத் தேடும் பாதை) சேர்த்து, பிடிக்யூ.பிராப்பர்ட்டீஸ் கோப்பில் கேப்சர்மோடை 'ஆன்' ஆக்குங்கள். அப்புறம் செயலியின் எல்லாத் திரைகளையும் ஓட்டுங்கள். நல்லபடியாக ஓடி முடிந்த கேள்விகள் மட்டுமே எக்ஸ்எம்எல் கோப்பில் பதிவாகும்.

எல்லாத் திரையும் என்றால் எல்லாமேதான். நான் மாதக்கடைசி அறிக்கையை ஓட்டிப் பார்க்க மறந்துவிட்டேன். முப்பதாம் தேதி சாயங்காலம் ஆலைக் கிராணி (எழுத்தர்) போன் செய்தார்: "தம்பி, அறிக்கை வரலையேப்பா, சம்பளம் எப்படிப் போடுறது?" அந்தக் கேள்வி பேக்கேஜில் இல்லை, டைனமிக்கையும் நான் அடைத்து வைத்திருந்தேன்.

மூன்றாவது படி சின்னது. கன்ஃபிகர் கருவியால் அந்த எக்ஸ்எம்எல்லுக்குப் பேக்கேஜ் பெயர் கொடுத்து, ஸ்டேட்டிக்பைண்டரால் பைண்ட் செய்யுங்கள், அதாவது டேட்டாபேஸுக்குள் பேக்கேஜாக ஏற்றுங்கள். இனி பேக்கேஜில் உள்ள கேள்விகளுக்குப் பயனருக்கு அட்டவணையின் மேல் உரிமை தேவையில்லை, பேக்கேஜை இயக்கும் உரிமை போதும்.

நான்காவதாக, கேப்சர்மோடை அணைத்து எக்ஸிகியூஷன்மோடை 'ஸ்டேட்டிக்' ஆக்குங்கள். அலவ்டைனமிக்எஸ்கியூஎல்லை முதல் சில மாதங்களுக்கு 'ட்ரூ' என்றே விடுங்கள். விட்டுப்போன கேள்வி டைனமிக்காகவாவது ஓடும் (அதற்கு மட்டும் பயனருக்கு அட்டவணை உரிமை இருக்க வேண்டும்). கிராணியிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

இன்னொன்று: இருநூறு வரி சோதனைத் தரவை வைத்து முடிவான வழி, லட்சம் வரி சேர்ந்த பிறகும் அப்படியேதான் இருக்கும். குலை வரத்து ஏறும் மாதங்களில் ரன்ஸ்டாட்ஸ் (அட்டவணைப் புள்ளிவிவரங்களைப் புதுப்பிக்கும் கட்டளை) ஓட்டி, பேக்கேஜை ரீபைண்ட் செய்துவிடுங்கள்.