பழைய அமெரிக்க செப்புக்காசு கையில கிடைச்சா என்ன பண்ணணும், அத முன்னாடி யார் வச்சிருந்தாங்கன்னு எப்படி கண்டுபிடிக்கறது

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், தயவுசெஞ்சு புளி போட்டு தேய்க்காதீங்க. எங்க தாத்தா பெட்டியில 1808 இருபது காசு ஒண்ணு இருந்துது, கம்பெனி காலத்து காசு, பாரசீக எழுத்தோட இருக்கும். ஸ்கூல் படிக்கறப்போ நான் அத செம்புக்குடம் தேய்க்கற மாதிரி புளியும் உப்பும் போட்டு பளபளன்னு ஆக்கிட்டேன், இருநூறு வருஷமா ஏறின பழுப்பு ரெண்டே நிமிஷத்துல போயிடுச்சு, இன்னைக்கும் எடுத்துப் பாத்தா வயிறு எரியுது. மெட்ராசுக்கு அந்தக் காச அடிச்சு அனுப்பினது பர்மிங்ஹாம்ல மேத்யூ போல்டனோட சோஹோ மின்ட் (காசு அடிக்கற ஆலை), அதே போல்டன்தான் 1790கள் கடைசியில பிலடெல்பியா மின்ட்டுக்கும் காசு அடிக்க செப்பு வில்லை அனுப்பினவர். அதத் தெரிஞ்சுக்கிட்டப்புறம்தான் எனக்கு லார்ஜ் சென்ட்னு சொல்ற பழைய அமெரிக்க பெரிய செப்பு ஒரு சென்ட் காசு மேல பைத்தியம் புடிச்சுது.

லார்ஜ் சென்ட் 1793லேர்ந்து 1857 வரைக்கும் வந்துது, அதுல கிடைக்கவே கஷ்டமான வருஷம் 1799. பிலடெல்பியால இசைக்கருவி ரிப்பேர் பண்ணிட்டிருந்த ஜோசப் மிக்லி அந்த வருஷம் பொறந்தவர், பதினேழு பதினெட்டு வயசுல தன் பொறந்த வருஷத்து சென்ட் ஒண்ணு வேணும்னு தேட ஆரம்பிச்சவர்தான் அப்புறம் அமெரிக்க நாணய சேகரிப்புக்கே அப்பான்னு பேர் வாங்கினார்னு சொல்வாங்க. பாவம், 1867ல அவர் வீட்டுல திருடன் புகுந்து நல்ல நல்ல காயினா அள்ளிட்டுப் போயிட்டான், மிச்சத்த அவர் அதே வருஷம் வித்துட்டார்.

சரி, பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையிலயோ தெரிஞ்சவங்க வீட்டு டிரங்க் பெட்டியிலயோ 1799னு போட்ட காசு ஒண்ணு வந்துதுன்னு வைங்க. கல்லுல போட்டு சத்தம் கேக்கற பழக்கம் வேணாம், விளிம்பப் புடிச்சு எடுத்து சின்ன டிஜிட்டல் தராசுல வைங்க, சட்டப்படி எடை 10.89 கிராம், தேய்ஞ்ச காசுன்னா கொஞ்சம் கொறையும் ஆனா ரொம்பத் தள்ளிப் போகாது. சைஸ் நம்ம பத்து ரூபா காயின விட கொஞ்சம் பெருசு. காந்தம் ஒட்டக்கூடாது. விளிம்பு வெறுமையாதான் இருக்கணும், சுத்தி ஒரு மெல்லிய கோடு ஓடுதுன்னா உஷார், ரெண்டு செப்பு ஓட்ட ஒட்டி உள்ள ஈயம் ஊத்தின எலக்ட்ரோடைப் நகலா இருக்கலாம், 19ஆம் நூற்றாண்டுலயே இத நிறைய பண்ணிருக்காங்க.

பெரிய ஏமாத்து எதுன்னா 1798 காச எடுத்து கடைசி எட்ட சுரண்டி ஒன்பதாக்கறது. பத்து மடங்கு லென்ஸ வச்சு அந்த ஒன்பத மட்டும் நிதானமா பாருங்க, அதச் சுத்திலும் உளி பட்ட தடமோ குழிவோ மத்த இடத்துல இல்லாத கலரோ தெரியும். அதோட 1799க்கு மொத்தமே ரெண்டு வெரைட்டிதான் (வேற வேற அச்சுல அடிச்ச வகை), இந்த சென்ட்கள வகை பிரிச்சு நம்பர் போட்ட வில்லியம் ஷெல்டனோட கணக்குல 188, 189, ஆனா 1798ல நாப்பதுக்கு மேல இருக்கு, அதனால எழுத்துக்கும் காசுல இருக்கற பொண்ணு தலையோட முடிக்கும் நடுவுல இருக்கற இடைவெளிய இந்த ரெண்டோட போட்டோவோட வச்சுப் பாருங்க, நம்பர மாத்தறவனால எழுத்த நகத்த முடியாது.

இப்போ யார் யார் கையில இருந்துதுங்கறது. கூட வந்த பழைய கவர், வட்டமா வெட்டின சீட்டு, பெட்டியில எழுதின பேர் எதுவா இருந்தாலும் தூக்கிப் போடாதீங்க, அதுதான் காசோட குடும்ப அட்டை. அப்புறம் காசுல இருக்கற காயங்கள எழுதி வைங்க, தாடைக்கு கீழ ஒரு சாய்ஞ்ச கீறல், பின்பக்கம் மாலையில ஒரு இலை பக்கத்துல ஊசி குத்தின மாதிரி குழின்னு. நியூமன் நியூமிஸ்மாட்டிக் போர்ட்டல்ங்கற வெப்சைட்ல பழைய ஏல கேட்டலாக் ஆயிரக்கணக்குல இலவசமா இருக்கு, அதுல உள்ள படத்துல அதே கீறல் அதே இடத்துல இருந்தா அன்னைக்கு அத வித்தவர் யாருன்னு தெரிஞ்சுபோச்சு. இது சும்மா பெருமைக்கு இல்ல. நம்பர் போட்ட அதே ஷெல்டன் அமெரிக்க நாணயவியல் சங்கத்துல இருந்த உயர்ந்த தர சென்ட்கள எடுத்துட்டு சுமாரானத வச்சுட்டுப் போயிருந்தார், அவர் செத்து ரொம்ப வருஷம் கழிச்சு பழைய போட்டோவோட ஒப்பிட்டுதான் பல காசு திரும்பக் கிடைச்சுது. அந்தக் கீறலெல்லாம் தேய்ச்சு அழிச்சிருந்தா எப்படி கண்டுபிடிச்சிருப்பாங்க?

நம்ம ஊரு உப்புக் காத்துக்கு செப்பு சீக்கிரம் களிம்பு ஏறும், அதனால பிவிசி கவர் வேணாம், மைலார்ங்கற பாலியஸ்டர் பிளாஸ்டிக் கவர்ல போட்டு டப்பாவுல சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட மூடி வைங்க, தூசி இருந்தா மெத்துன்னு ஒரு பிரஷ் போதும்.

கடைசியா, கிரேடிங்குக்குன்னு (காசோட தரத்த மதிப்பிட) அமெரிக்காவுக்கு கூரியர் போட்டுடாதீங்க. நூறு வருஷம் தாண்டின காயின் 1972 சட்டப்படி தொல்பொருள், இஷ்டத்துக்கு வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, செயின்ட் ஜார்ஜ் கோட்டையில தொல்லியல் துறை ஆபீஸ் இருக்கு, அங்க நேர்ல போய் கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.