பழைய பலகை, பழைய விரிப்பு, மிச்சப் பெயின்ட்: சின்ன ஃபிளாட்டுக்குச் சிக்கன அலங்காரம்

சும்மா கிடைக்கிறதே என்று கண்ணில் பட்டதையெல்லாம் தூக்கி வந்தால் சின்ன வீடு கிடங்காகிவிடும். அதனால் பொருளைத் தேடும் முன் இடத்தை அளந்துவிடுங்கள். எந்தச் சுவர், எத்தனை செ.மீ. நீளம், கதவு எதுவரை திறக்கும், பொருளை வைத்த பிறகும் நடக்க 75 செ.மீ. மிஞ்சுமா? இதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி, அளவு டேப்போடு பையில் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் இடம் இல்லாத பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இந்த வேலையில் மூலப்பொருளுக்குக் காசு அதிகம் ஆகாது. உப்புத்தாள், பிரைமர், திருகாணி, பிராக்கெட் ஆகியவற்றுக்குத்தான் ஆகும். அங்கே மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

பேலட் பலகையில் ஒரு ஷெல்ஃப்

சரக்கு அடுக்க உதவும் மரப் பேலட்டின் பக்கவாட்டில் கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை இருக்கும். அதில் ‘எச்.டி.’ (HT) என்றிருந்தால், மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் குறைந்தது 30 நிமிடம் இருக்கும்படி சூடாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். ‘எம்.பி.’ (MB) என்றிருந்தால் பூச்சியைக் கொல்லும் நச்சு வாயுவான மெத்தில் புரோமைடு புகை போட்டது. அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். முத்திரை எதுவாக இருந்தாலும் எண்ணெய்க் கறை, ரசாயன வாடை, மாவு மாதிரி தூள் உதிரும் பொடித் துளைகள் இருந்தால் விட்டுவிடுங்கள். அந்தத் தூள், உள்ளே வண்டு இருப்பதற்கான அறிகுறி.

பேலட் ஆணிகளின் தண்டில் முறுக்கோ வளையமோ இருக்கும். கழன்று வரக் கூடாது என்பதற்காகவே அப்படி. கடப்பாரையால் நெம்பினால் ஆணி அசையாது, பலகை நுனிதான் பிளக்கும். பலகைக்கும் குறுக்குக் கட்டைக்கும் நடுவே மர ஆப்பு அடித்து, சுமார் 3 மி.மீ. சந்து உண்டாக்கி, இரும்பு அறுக்கும் ஹேக்ஸா பிளேடை விட்டு ஆணியை அறுத்துவிடுங்கள். ஆணித் தலை பலகையிலேயே இருந்தாலும் பரவாயில்லை. பார்க்க நன்றாகவே இருக்கும். தேய்க்கும் முன் அதை ஒரு தட்டு தட்டி உள்ளிறக்குங்கள், இல்லாவிட்டால் உப்புத்தாள் கிழிந்துகொண்டே இருக்கும்.

பிரித்த பலகைகளை வீட்டுக்குள் இரண்டு வாரம் காயப் போடுங்கள். ஈரத்தோடு செய்தால் பிறகு சுருங்கி வளையும், இணைப்புகள் விரியும். காய்ந்தபின் 60, 120, 180 எண் உப்புத்தாள் என்ற வரிசையில் தேயுங்கள். நேரம் போவது 60-ல்தான். அதில் ரம்பத் தடம் போகாவிட்டால் 180-ல் ஒருபோதும் போகாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, பால்கனியிலோ வெளியிலோ இதைச் செய்யுங்கள்.

90 செ.மீ. நீளத்தில் இரண்டு பலகை, 18 செ.மீ. நீளத்தில் மூன்று குறுக்குத் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். பலகைகள் 10 செ.மீ. அகலம் என்றால், இரண்டையும் 3 மி.மீ. இடைவெளி விட்டுப் பக்கத்தில் பக்கமாக வைத்தால் 20 செ.மீ. ஆழத் தட்டு கிடைக்கும். குறுக்குத் துண்டுகளை அடியில் வைத்துப் பசையும் திருகாணியும் போடுங்கள். பலகையும் துண்டும் தலா 18 மி.மீ. கனம் என்றால் 30 மி.மீ. திருகாணி போதும், மேலே குத்திக்கொண்டு வராது. 4 மி.மீ. திருகாணிக்கு முன்னதாக 2.5 மி.மீ. துளை போடாவிட்டால் காய்ந்த மரம் பிளந்துவிடும்.

பிராக்கெட்டின் கை, தட்டின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்காவது நீள வேண்டும். இங்கே 15 செ.மீ. புத்தகம் அடுக்குவதென்றால் இரண்டு பிராக்கெட் போதாது, மூன்று வேண்டும். செங்கல், கான்கிரீட் சுவரில் 8 மி.மீ. பிளக் (திருகாணி பிடிக்கச் சுவர்த் துளையில் செருகும் பிளாஸ்டிக் உறை), 50 மி.மீ. திருகாணி. துளையைப் பிளக்கைவிட 10 மி.மீ. கூடுதல் ஆழமாகப் போட்டுத் தூசியை ஊதிவிடுங்கள். தூசி நின்றால் பிளக் முழுதாக உள்ளே இறங்காது. வரிசையை ரசமட்டம் வைத்துப் பாருங்கள், கண் ஏமாற்றும்.

வாடகை வீட்டில் துளை போட விடமாட்டார்கள் என்றால் ஷெல்ஃபை மறந்துவிட்டுப் பழப்பெட்டிகளுக்குப் போங்கள். அதிகபட்சம் மூன்று அடுக்கு. பெட்டிக்குப் பெட்டி நான்கு திருகாணி போட்டு, கனமானதைக் கீழே வையுங்கள். ஒட்டும் பட்டைகளை நம்பிப் பலகை மாட்டாதீர்கள். பட்டை பிடித்திருந்தாலும் சுவர்ப் பெயின்ட் உரிந்து வரும்.

மைக்கா ஒட்டிய மேசைக்குப் பெயின்ட்

வழவழப்பான மேற்பரப்பில் பெயின்ட் உரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு: எண்ணெய்ப் பிசுக்கு, போகாத பளபளப்பு. முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்து உலர விடுங்கள். கழுவாமல் தேய்த்தால் பிசுக்கைப் பரப்புவதுதான் மிச்சம். பிறகு 180 உப்புத்தாளால் பளபளப்பு மங்கும்வரை மட்டும் தேயுங்கள். மைக்காவைத் துளைத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. வழவழப்பான பரப்பில் பிடிப்பதற்கென்றே விற்கும் பிரைமரை ஒரு மெல்லிய பூச்சு பூசி ஒரு நாள் விடுங்கள். மூலையில் கத்தியால் பெருக்கல் குறி கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். பிரைமர் டேப்போடு வந்தால் மறுபடி தேய்ப்பதிலிருந்து தொடங்க வேண்டும். மேலே பெயின்ட் பூசி அதை மறைக்க முடியாது.

மிச்சம் கிடந்த பெயின்ட் டப்பாக்களைப் பயன்படுத்தலாம், ஆனால் தண்ணீரில் கரைவதைத் தண்ணீரில் கரைவதோடு மட்டுமே கலக்க வேண்டும். அழுகிய வாடை அடித்தால் கொட்டிவிட வேண்டியதுதான். நல்லதைப் பழைய மெல்லிய துணியில் வடிகட்டி, தேவையான மொத்தத்தையும் ஒரே முறையில் கலக்குங்கள், பாதியில் தீர்ந்தால் அதே நிறம் திரும்ப வராது. ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். நடுத்தர மேசைக்கு இரண்டு பூச்சுக்கு அரை லிட்டர் தாராளம்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதால் உடனே சாமான் வைத்துவிடாதீர்கள். இரண்டு மணி நேரத்தில் உலர்ந்தாலும் தண்ணீர்ப் பெயின்ட் முழுதாக இறுக இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். அதற்குள் வைத்த பூச்சாடி, எடுக்கும்போது பெயின்ட்டையும் சேர்த்துக்கொண்டு வரும்.

பழைய கதவு, ஜன்னல் சட்டத்தில் இருக்கும் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைத் தேய்க்கவே வேண்டாம்.

படுக்கை விரிப்பிலிருந்து திரை

120 செ.மீ. ஜன்னலுக்கு இருபுறமும் 15 செ.மீ. நீளும்படி 150 செ.மீ. கம்பி போடுங்கள். சட்டத்துக்கு 15 செ.மீ. மேலே பொருத்தினால் கூரை உயரமாகத் தெரியும். திரையில் மடிப்பு விழத் துணி, கம்பியைப் போல ஒன்றரை மடங்காவது வேண்டும், அதாவது 225 செ.மீ. இருவர் படுக்கும் விரிப்பின் அகலம் ஏறக்குறைய அவ்வளவுதான். நெடுக்காக இரண்டாக வெட்டினால் இரண்டு திரை. விரிப்பு நடுவில்தான் முதலில் நைந்துபோகும், அதனால் வெட்டும் முன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். நைந்த பட்டையைக் கழித்துவிட்டால் மடிப்பு சற்றுக் குறையும், அவ்வளவே. 25 மி.மீ. கம்பிக்கு மேலே 6 செ.மீ. உறை மடித்துத் தையுங்கள். துணியை முதலில் துவைத்து விடுங்கள், சுருங்குவதெல்லாம் சுருங்கி முடியட்டும்.

கண்ணாடி ஜாடிகளை ஷெல்ஃபின் அடியில் தொங்கவிடலாம். மூடியைப் பலகையில் பொருத்தும்போது இரண்டு திருகாணி போடுங்கள், ஒன்று போட்டால் ஜாடியைத் திருகும்போது மூடியும் சேர்ந்து சுற்றும். லேபிள் பசை போகாவிட்டால் சமையல் எண்ணெயும் சமையல் சோடாவும் சம அளவு குழைத்துத் தடவி அரை மணி நேரம் கழித்துத் துடைத்துவிடுங்கள்.

பழைய முகக்கண்ணாடி கிடைத்தால் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டுங்கள். வெளிச்சம் அறைக்குள் திரும்பும். மாட்டும் முன் எடையைக் கணக்கிடுங்கள். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மி.மீ. கனத்துக்கும் 2.5 கிலோ. 60-க்கு 90 செ.மீ. அளவில் 4 மி.மீ. கண்ணாடி 5.4 கிலோ வரும், சட்டம் தனி. அதற்கு ஒற்றை ஆணி போதாது, பிளக்கோடு இரண்டு கொக்கி வேண்டும்.