பாயிண்டர் வழியாக அழைத்தால் எந்த மெத்தட் ஓடும்? சி++ விர்ச்சுவல், செய்து பார்த்துப் புரிந்துகொள்ள

டெரைவ்டு கிளாஸில் (பேஸ் என்ற மூல கிளாஸிலிருந்து பெறப்பட்ட கிளாஸ்) மெத்தடைப் புதிதாக எழுதியாயிற்று. கம்பைலரும் முணுமுணுக்கவில்லை. ஆனால் ஓடுவதென்னவோ பேஸ் கிளாஸின் பழைய மெத்தட். சி++ கற்பவர்கள் பலரும் தடுக்கி விழும் இடம் இது. இரண்டே கிளாஸ் எழுதினால் காரணம் பிடிபட்டுவிடும். (இங்கே பெயர்கள் தமிழில் இருக்கின்றன, நிரலில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

படி 1: 'கணக்கு' என்றொரு கிளாஸ். பப்ளிக் பகுதியில் 'இருப்பு' என்ற டபுள் வேரியபிள், மதிப்பு 10000. கூடவே 'வட்டி' என்ற மெத்தட். அது 0 திருப்பும்.

படி 2: அதிலிருந்து 'சேமிப்பு' கிளாஸை பப்ளிக்காக இன்ஹெரிட் செய்யுங்கள். பப்ளிக் என்று போட மறந்தால் அது பிரைவேட் இன்ஹெரிடன்ஸ் ஆகிவிடும், அடுத்த படி கம்பைல் ஆகாது. இங்கும் 'வட்டி' மெத்தட் எழுதுங்கள்: இருப்பில் 4 சதவீதம்.

படி 3: மெயினில் ஒரு சேமிப்பு ஆப்ஜெக்ட். அதன் முகவரியை 'கணக்கு' வகைப் பாயிண்டரில் வையுங்கள். ஆப்ஜெக்ட் பெயரைச் சொல்லி வட்டியை அழைத்தால் 400 வரும். பாயிண்டர் வழியாக அழைத்தால் 0.

ஆப்ஜெக்ட் ஒன்றுதான், விடை மட்டும் இரண்டு. விர்ச்சுவல் அல்லாத மெத்தடுக்கு, கம்பைலர் பாயிண்டர் எந்த வகை என்று அறிவிக்கப்பட்டதோ அதை மட்டும் பார்த்து, கம்பைல் செய்யும்போதே முடிவெடுத்துவிடும். அந்த முகவரியில் உண்மையில் யார் இருக்கிறார் என்பது அதற்குப் பொருட்டல்ல.

படி 4: கணக்கு கிளாஸின் வட்டிக்கு முன் 'விர்ச்சுவல்' சேர்த்து மறுபடி கம்பைல் செய்யுங்கள். இப்போது பாயிண்டர் வழியாகவும் 400.

என்ன நடந்தது? வழக்கமான கம்பைலர்கள் விர்ச்சுவல் மெத்தட் உள்ள ஒவ்வொரு கிளாஸுக்கும் அந்த விர்ச்சுவல் மெத்தட்களின் முகவரிகள் கொண்ட ஓர் அட்டவணையை உருவாக்கும். வி-டேபிள் என்பது அதுதான். அத்தகைய கிளாஸின் ஒவ்வொரு ஆப்ஜெக்டும் தன் கிளாஸின் அட்டவணைக்கு ஒரு பாயிண்டரைச் சுமக்கும். எந்த மெத்தட் என்பது நிரல் ஓடும்போது அந்த அட்டவணையைப் பார்த்து முடிவாகும். நம்பிக்கை இல்லையென்றால் ஆப்ஜெக்டின் அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் போட்டுப் பாருங்கள்: 64 பிட் கணினியில் 8 பைட்டாக இருந்த ஆப்ஜெக்ட் 16 ஆகியிருக்கும்.

படி 5: சேமிப்பின் வட்டிக்குப் பின்னால் 'ஓவர்ரைட்' சேருங்கள் (சி++11 முதல் உண்டு). கட்டாயமில்லை, ஆனாலும் விட்டுவிடாதீர்கள். பேஸில் வட்டி 'கான்ஸ்ட்' (ஆப்ஜெக்டை மாற்றாது என்ற குறி) என்றிருந்து டெரைவ்டில் கான்ஸ்ட் விடுபட்டால், கம்பைலர் அதை வேறொரு மெத்தடாகவே எடுத்துக்கொள்ளும். மீண்டும் 0 தான். ஓவர்ரைட் இருந்தால் அந்த இடத்திலேயே பிழை காட்டி நிறுத்திவிடும்.

விர்ச்சுவல் போட்ட பிறகும் 0 வருகிறதா? ஃபங்ஷன் கணக்கை மதிப்பாக வாங்குகிறதா என்று பாருங்கள். அப்படியானால் சேமிப்பின் பகுதி வெட்டுண்டு கணக்கு மட்டுமே நகலாகும், ஸ்லைசிங் என்பார்கள். ரெஃபரன்ஸாக வாங்கினால் சரியாகிவிடும். ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டர் இன்னொரு பொறி: பேஸ் கன்ஸ்ட்ரக்டருக்குள்ளிருந்து வட்டியை அழைத்தால் பேஸின் வட்டிதான் ஓடும், ஏனென்றால் அந்த நேரத்தில் சேமிப்பின் பகுதி இன்னும் உருவாகவே இல்லை.

இவற்றைவிட ஆபத்தானது, ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் டிஸ்ட்ரக்டர். நியூ போட்டு உருவாக்கிய சேமிப்பை கணக்கு பாயிண்டர் வழியாக டிலீட் செய்யும்போது, கணக்கின் டிஸ்ட்ரக்டர் விர்ச்சுவலாக இல்லையென்றால் என்ன நடக்கும் என்று மொழி எந்த உத்தரவாதமும் தருவதில்லை. சேமிப்பின் டிஸ்ட்ரக்டர் ஓடாமல் மெமரி கசியலாம், நிரலே விழலாம். விர்ச்சுவல் மெத்தட் ஒன்று இருந்தாலே டிஸ்ட்ரக்டரையும் விர்ச்சுவலாக்கிவிடுங்கள். அதற்காக எல்லா கிளாஸிலும் தெளிக்க வேண்டாம். யாரும் இன்ஹெரிட் செய்யப்போகாத சின்னஞ்சிறு கிளாஸுக்கு அது வீண் எடை.

ஜாவாவிலிருந்து வருபவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். அங்கே ஸ்டாட்டிக், பிரைவேட், ஃபைனல் அல்லாத மெத்தட்கள் எல்லாம் இயல்பாகவே விர்ச்சுவல். சி ஷார்ப்பில் சி++ போலவே விர்ச்சுவலை எழுத வேண்டும். ஆனால் அங்கே டெரைவ்டில் ஓவர்ரைட் கட்டாயம், விட்டால் கம்பைலர் எச்சரித்துவிட்டு பேஸ் மெத்தடை மறைக்க மட்டுமே செய்யும்.