பளிங்குச் சிலையிலிருந்து டிஜிட்டல் ஓவியம்: புதியவர்களுக்கான செய்முறை

டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு முதன்முறை அருங்காட்சியகத்துக்குப் போன நாளில் இருநூறுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்து வந்தேன். அவற்றில் ஒன்றுகூட ஓவியமாகவில்லை. பார்க்க வேண்டிய நேரத்தையெல்லாம் படமெடுப்பதிலேயே கழித்துவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. உடலின் எடை எங்கே இறங்குகிறது, ஒளி எந்த இடத்தில் நிழலாக மாறுகிறது என்னும் இரண்டை மட்டும் சிலையிடம் கற்றுக்கொண்டு, அவற்றை நம் சொந்தக் கதாபாத்திரத்துக்குக் கொண்டுவரும் வழியைக் கீழே படிப்படியாகத் தருகிறேன்.

படி 1: ஒரே ஒரு சிலை

கூடம் முழுவதையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வலுவாக ஒளி விழும் சிலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பல அருங்காட்சியகங்கள் ஃபிளாஷையும் முக்காலியையும் அனுமதிப்பதில்லை என்பதால், விதிகளை நுழைவாயிலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

படி 2: எடையைத் தேடுதல்

கிரேக்கச் சிற்பி பாலிக்ளைட்டஸ் கி.மு. 440 அளவில் வெண்கலத்தில் வடித்த ‘ஈட்டி ஏந்தியவன்’ இந்தப் பாடத்துக்கு ஏற்ற சிலை. மூலச் சிலை இன்று இல்லை. பண்டைய ரோமானிய நகரமான பொம்பெயியில் கிடைத்த ரோமானியப் பளிங்கு நகல் இத்தாலியின் நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எடை முழுவதும் வலக்காலில் நிற்க, இடக்கால் குதிகால் எழும்பியபடி பின்னே தளர்ந்திருக்கிறது. அதனால் வலப்பக்க இடுப்பு உயர்ந்து, அதே பக்கத் தோள் தாழ்கிறது. முதலில் இடுப்புக்கு ஒரு கோடு, தோளுக்கு ஒரு கோடு, பிறகு தொண்டைக்குழியிலிருந்து தரை நோக்கி நேராக ஒரு கோடு என மூன்றை மட்டும் வரையுங்கள். மூன்றாம் கோடு எடை தாங்கும் பாதத்தின் அருகே இறங்கினால், நீங்கள் வரைந்த உருவம் விழாமல் நிற்கும்.

இத்தகைய பளிங்கு நகல்களில் காலை ஒட்டி, பளிங்கிலேயே செதுக்கிய ஓர் அடிமரம் இருக்கும். உள்ளீடற்ற வெண்கலத்துக்கு இந்த முட்டு தேவைப்படவில்லை; பளிங்கின் மெல்லிய கணுக்கால்களோ மொத்தப் பாரத்தையும் தாங்கமாட்டா. நான் அதையும் பக்தியோடு வரைந்துவைத்து, “உன் வீரன் ஏன் மரத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறான்?” என்று நண்பர் கேட்ட பிறகே அழித்தேன்.

படி 3: துணியின் மடிப்புகள்

1863இல் கிரேக்கத்தின் சாமோத்ராகி தீவில் கண்டெடுக்கப்பட்டு, இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கும் சிறகுள்ள வெற்றித் தேவதைச் சிலையின் வயிற்றுப் பகுதியை உற்றுப் பாருங்கள். எதிர்க்காற்றில் மெல்லிய துணி உடலோடு ஒட்டிக்கொள்வதால் தொப்புளின் குழி வரை தெரிகிறது. அங்கே மடிப்புகள் நகக்கீறல் அளவே ஆழமானவை. சற்றுக் கீழே, கால்களுக்கு இடையில் தடித்த மேலாடை திரண்டு விழும் இடத்தில் அவை கை புகும் பள்ளங்களாகின்றன. உடல் துணியைத் தள்ளும் இடத்தில் மடிப்பு குறையும். துணி தடையின்றித் தொங்கும் இடத்தில் கூடும். புதியவர்கள் எல்லா இடத்திலும் ஒரே அளவு கோடு இழுத்துவிடுவதால்தான் அவர்கள் வரையும் ஆடை தகரம் போலத் தெரிகிறது.

படி 4: படமெடுத்தல்

இப்போது படமெடுக்கலாம். கைப்பேசியை மிக அருகே கொண்டுபோனால் முன்னே இருக்கும் உறுப்பு பெருத்துத் தோன்றும். சில அடிகள் பின்வாங்கி, ஜூம் செய்து எடுங்கள். நான்கைந்து கோணங்கள் போதும்.

படி 5: மூன்று சாம்பல் நிறங்கள்

வேலையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. கேன்வாஸை நடுத்தரச் சாம்பலால் நிரப்பி, புதிய லேயரில் (கீழே உள்ளதைத் தொடாமல் தீட்ட உதவும் தனி அடுக்கில்) அடர்சாம்பலால் நிழல்களை மட்டும் ஒரே தட்டையான வடிவமாகத் தீட்டுங்கள். கண்களைச் சுருக்கிக்கொண்டு சிலையைப் பார்த்தால், கண்குழி, மூக்கடி, மோவாயடி ஆகியவை தனித்தனி உறுப்புகளாகப் பிரியாமல் ஒரே கருந்திட்டாக இணைவதைக் காண்பீர்கள். அந்தத் திட்டைத்தான் தீட்ட வேண்டும். அடுத்து வெளிர்சாம்பலால் ஒளி நேராக விழும் பகுதிகளை நிரப்புங்கள். இந்த மூன்றிலேயே முகம் அடையாளம் தெரியவில்லை என்றால், மேலும் நுணுக்கம் சேர்ப்பதால் பயனில்லை. நிழலின் வடிவம் தவறாக இருக்கிறது.

அதன் பிறகே விளிம்புகளுக்கு வாருங்கள். ஒரு பொருளின் நிழல் இன்னொன்றின் மேல் விழும்போது அதன் விளிம்பு பெரும்பாலும் கூர்மையாக இருக்கும். கன்னம் போன்ற உருண்டை மெல்லத் திரும்பும் இடத்தில் விளிம்பு கரையும். பளிங்குக்குள் ஒளி சிறிது ஊடுருவிச் சிதறுவதால் காதுமடல், விரல்நுனி போன்ற மெல்லிய பகுதிகளின் நிழல் முழுக்க இருண்டுவிடாது. மனிதத் தோலிலும் இதே இயல்பு உண்டு என்பதால், பளிங்கில் பழகிய கை பின்னர் முகம் தீட்டும்போது தடுமாறுவதில்லை.

படி 6: நிறம்

கிரேக்க, ரோமானியச் சிலைகள் வெண்மையாகவே படைக்கப்பட்டவை என்ற எண்ணம் தவறானது. பல சிலைகளில் பழைய வண்ணத்தின் தடயங்கள் கிடைத்துள்ளன, ரோம் அருகே பிரைமா போர்ட்டாவில் கிடைத்த ரோமானியப் பேரரசர் ஆகஸ்டஸின் சிலை அவற்றில் ஒன்று. ஆகவே நிறம் சேர்க்கத் தயங்க வேண்டியதில்லை. சாம்பல் ஓவியத்தின் மேல் ‘கலர்’ (Color) என்னும் கலப்பு முறையில் ஒரு லேயர் வைத்துத் தீட்டினால், கீழே அமைத்த ஒளிநிழல் கெடாது.

படி 7: உங்கள் பாத்திரம்

புகைப்படங்களை மூடிவிட்டு, படி 2இல் வரைந்த மூன்று கோடுகளை மட்டும் புதிய கேன்வாஸில் வைத்துக்கொண்டு, அவற்றின் மேல் உங்கள் பாத்திரத்தை எழுப்புங்கள்; அது விண்வெளி வீராங்கனையாகவும் இருக்கலாம், தேநீர்க் கோப்பை ஏந்திய கிழவராகவும் இருக்கலாம். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை ஓர் அம்புக்குறியால் ஓரத்தில் குறித்து, அதற்கேற்ப மூன்று சாம்பல்களையும் மீண்டும் நிரப்புங்கள்.

நேரில் செல்ல இயலாதவர்கள், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் கட்டணமின்றிப் பயன்படுத்த வெளியிட்டுவரும் படங்களிலிருந்து தொடங்கலாம். முப்பரிமாண வடிவில் ஒரு சிலை கிடைத்தால் அதை பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில் திறந்து விளக்கை இடம் மாற்றிப் பாருங்கள். விளக்கு நெற்றிக்கு மேலிருந்து மோவாய்க்குக் கீழே இறங்கியதும், சாந்தமாக இருந்த அதே முகம் மிரட்டத் தொடங்கும்.